கார்டின் எண்ணைக் கேட்கக் கற்றுக்கொண்ட லினக்ஸ்

1990-களின் நடுவில் இன்டெல் நிறுவனம் ‘ஈதர்எக்ஸ்பிரஸ் புரோ/100’ என்ற நெட்வொர்க் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுவலகக் கணினிகளிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் சர்வர்களிலும் பல ஆண்டுகள் உழைத்த கார்டு அது. அதன் சிப்பில் இரண்டு எண்கள் பதிந்திருந்தன: 8086, 1229. செய்தவர் இன்டெல் என்பது முதல் எண். இது இன்ன சிப் என்பது இரண்டாவது எண். கார்டைச் செருகிக் கணினியை இயக்கினால், கேட்பவர் எவராயினும் இந்த இரண்டு எண்களையும் அது சொல்லிவிடும். அதே கார்டைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து இன்று செருகினாலும் அதே எண்களைத்தான் சொல்லும்.

மாறியது லினக்ஸ். அந்தக் கார்டை இயக்கும் நிரலான டிரைவரைக் கண்டுபிடித்து ஏற்றும் வேலை 1996-இல் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர் தலையில் இருந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போனது. ‘எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர்’ என்ற ஒரு சின்ன அறிவு, பொருந்தாத இடங்களில் எல்லாம் தங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்குரிய இடத்தைச் சேர்ந்ததுதான் இடையில் நடந்த கதை.

எண் இல்லாத காலம்

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், டிரைவர்கள் கெர்னலோடு ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தன. புதிய கார்டு ஒன்றைச் சேர்த்தால் கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 386, 486 கணினிகளில் அது மணிக்கணக்கில் ஓடும் வேலை. எல்லா டிரைவர்களையும் சேர்த்தே கட்டிவிடலாம் என்றால், அன்றைய கணினிகளின் நினைவகம் 4 அல்லது 8 மெகாபைட்தான். பயன்படாத டிரைவர்களே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். 1993-இல் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் இதைச் சமாளிக்கப் பல வகை பூட் ஃபிளாப்பிகளைத் தந்தது. தன் கணினியில் வட்டுகளை இணைக்கும் எந்த ஸ்கசி கார்டு இருக்கிறது என்று தெரிந்தவர் அதற்கேற்ற ஃபிளாப்பியை எடுத்துக்கொள்வார். தெரியாதவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்.

இந்த நெருக்கடிக்கு விடையாக மாட்யூல் வந்தது. டிரைவரைத் தனிக் கோப்பாகக் கம்பைல் செய்து வட்டில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். ‘இன்ஸ்மாட்’ என்ற கட்டளை ஒரு மாட்யூலை ஏற்றியது. ஒரு மாட்யூல் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் அதையும் சேர்த்து வரிசையாக ஏற்ற ‘மோட்புரோப்’ வந்தது. எது எதைச் சார்ந்தது என்ற பட்டியலை ‘டெப்மாட்’ தயாரித்து வைத்தது.

ஏற்றுவதற்கு வழி பிறந்துவிட்டது. எதை ஏற்றுவது என்பதற்குத்தான் வழியில்லை. அன்று பரவலாக இருந்த ஐஎஸ்ஏ கார்டுகளுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தெரியாது. என்ஈ2000 வகை நெட்வொர்க் கார்டை எடுத்துக்கொண்டால், அதன் மேலிருக்கும் ஜம்பர்களைப் பார்த்து, எந்த ஐஓ முகவரி, எந்த ஐஆர்க்யூ என்று குறித்துக்கொண்டு, டிரைவரை ஏற்றும்போது கையால் தட்டச்சு செய்ய வேண்டும். டிரைவரே முகவரிகளைத் தட்டிப் பார்த்துக் கார்டைத் தேடலாம்தான். ஆனால் அந்த முகவரியில் வேறொரு சாதனம் இருந்து, தட்டியதில் அது குழம்பினால், கணினியே உறைந்து நின்றுவிடும். இந்த விவரங்களைத் திரட்டிப் பால் கோர்ட்மேக்கர் எழுதிய ஈதர்நெட் வழிகாட்டி அந்தக் காலத்து லினக்ஸ் பயனர்களுக்குக் கைப்புத்தகமாக இருந்தது.

1992-இல் வந்த பிசிஐ என்ற புதிய இணைப்பு முறை இந்த நிலையை அடியோடு மாற்றியது. ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தன்னைப் பற்றிய விவரங்களை 256 பைட் அளவுள்ள ஒரு பகுதியில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் தொடக்கத்திலேயே உற்பத்தியாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். சற்றுத் தள்ளி அது எந்த வகைச் சாதனம் என்ற குறியீடு இருக்கும். வகை 02 என்றால் நெட்வொர்க், அதன் உட்பிரிவு 00 என்றால் ஈதர்நெட். உற்பத்தியாளர் எண்களைப் பொது அமைப்பு ஒன்று பங்கிட்டுக் கொடுக்கிறது. இன்டெலின் எண் 8086. 1978-இல் வந்த அதன் புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் அதுதான். ஈதர்எக்ஸ்பிரஸ் கார்டு 8086, 1229 என்று தன்னைச் சொல்லத் தொடங்கியது இப்படித்தான்.

ஏற்றுவது வேறு, அறிவது வேறு

இந்தக் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் 1994-இல் தாமஸ் ஸ்டெர்லிங்குடன் சேர்ந்து, சாதாரணக் கணினிகளை இணைத்து ‘பியோவுல்ஃப்’ என்ற தொகுப்புக் கணினியை உருவாக்கியவர் அவர். அந்தப் பணிக்கு மலிவான ஈதர்நெட் கார்டுகள் தேவைப்பட்டன. தொடக்க கால லினக்ஸின் நெட்வொர்க் டிரைவர்களில் பெரும்பகுதியை அவரே எழுதினார். ஈதர்எக்ஸ்பிரஸ் கார்டுக்கு அவர் எழுதிய மாட்யூலின் பெயர் ஈஈப்ரோ100.

1996 ஜூனில் லினக்ஸ் 2.0 வந்தபோது, மாட்யூல்களைத் தானாக ஏற்றும் முதல் ஏற்பாடும் கூடவே வந்தது. பியோர்ன் எக்வாலும் ஜாக் ஜெலினாவும் உருவாக்கிய அதன் பெயர் கெர்னல்டி. பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல் அது. ஒரு செயலி நெட்வொர்க்கையோ ஒலியையோ கேட்டு, அதற்கான டிரைவர் நினைவகத்தில் இல்லையென்றால், கெர்னல் அதற்குச் செய்தி அனுப்பும். கெர்னல்டி உடனே மோட்புரோப்பை இயக்கி மாட்யூலை ஏற்றும். ஒரு நிமிடம் யாரும் அந்த மாட்யூலைத் தொடாவிட்டால் இறக்கியும் விடும். 8 மெகாபைட் கணினியில் அந்தச் சிக்கனம் பெரிய உதவி.

1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2-இல் கெர்னல்டியின் இடத்தை கேமாட் பிடித்தது. தனி நிரல் ஒன்றைச் சதா ஓடவிடாமல், தேவை எழும்போது கெர்னலே மோட்புரோப்பை நேராக அழைக்கும் வழி இது. இந்த அழைப்பு இன்றும் கெர்னலில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் கெர்னல்டி, கேமாட் இரண்டுக்குமே ஒரு குறை உண்டு. கெர்னல் கேட்பது ‘ஈத்0 வேண்டும்’ என்றுதான். முதல் ஈதர்நெட் கார்டு வேண்டும் என்பது அதன் பொருள். இந்தக் கணினியில் ஈத்0 என்பது எந்த மாட்யூல் என்று அதற்குத் தெரியாது. அதைக் கான்ஃப்.மாட்யூல்ஸ் என்ற கோப்பில் மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும்: ‘அலியாஸ் ஈத்0 ஈஈப்ரோ100’. கார்டு தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை. மாட்யூலை ஏற்றும் வேலை தானாக நடந்தது, எதை ஏற்றுவது என்று அறியும் வேலை நடக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை மேலே போக முடியவில்லை.

ஒரே உண்மை, பல பட்டியல்கள்

அறியும் வேலையை முதலில் கையிலெடுத்தவை டிஸ்ட்ரோக்கள், அதாவது கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து வழங்கும் லினக்ஸ் தொகுப்புகள். லினக்ஸை நிறுவ விரும்பும் புதியவரிடம் போய் ‘உங்கள் கார்டின் சிப் எது?’ என்று கேட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார் என்பதை அவை நன்றாக உணர்ந்திருந்தன.

1990-களின் முடிவில் ரெட் ஹேட் ‘குட்ஸு’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. கணினி தொடங்கும்போது அது பிசிஐ எண்களைப் படிக்கும், பிசிஐ டேபிள் என்ற பட்டியலில் தேடும், பொருந்தும் மாட்யூலின் பெயரைக் கட்டமைப்புக் கோப்பில் தானே எழுதிவிடும். மாண்ட்ரேக் ‘ஹார்ட்டிரேக்’கைச் செய்தது. சூசே ‘எச்டபிள்யூஇன்ஃபோ’வைச் செய்தது. டெபியனுக்கு ‘டிஸ்கவர்’ வந்தது. 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், குட்ஸுவின் வழியைத் தழுவி, எதையும் நிறுவாமல் குறுந்தகட்டிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டியது. முன்பின் பார்த்திராத கணினியில் குறுந்தகட்டைப் போட்டதும் திரையும் ஒலியும் நெட்வொர்க்கும் வேலை செய்ததைக் கண்டவர்கள் லினக்ஸைப் பற்றிய தங்கள் கருத்தை அன்றே மாற்றிக்கொண்டார்கள்.

வேறு பல டிஸ்ட்ரோக்கள் பட்டியலைப் பயனரிடமே விட்டன. ஸ்லாக்வேரின் ஆர்சி.மாட்யூல்ஸ் கோப்பில் நூற்றுக்கணக்கான மோட்புரோப் வரிகள் முடக்கப்பட்ட நிலையில் காத்திருக்கும். தனக்கு வேண்டிய வரியின் முன்னுள்ள குறியைப் பயனர் நீக்கிக்கொள்ள வேண்டும். டெபியனில் மாட்யூல்ஸ் என்ற கோப்பு, ஆர்ச்சில் ஆர்சி.கான்ஃப் கோப்பின் ஒரு வரி, ஜென்டூவில் ஆட்டோலோட் கோப்புகள். டிஸ்ட்ரோவை மாற்றினால் இந்த அறிவை முதலிலிருந்து கற்க வேண்டும்.

தானாகத் தேடிய டிஸ்ட்ரோக்களின் உழைப்பை மதித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த வழியில் அடிப்படையான ஒரு கோளாறு இருந்தது. ‘8086, 1229 என்றால் ஈஈப்ரோ100’ என்ற ஒரே உண்மையை ரெட் ஹேட் ஒரு பட்டியலில் எழுதியது, மாண்ட்ரேக் இன்னொன்றில், சூசே வேறொன்றில், டெபியன் மற்றொன்றில். டிரைவரை எழுதியவர் புதிய சிப் ஒன்றுக்கு ஆதரவு சேர்த்தால் இத்தனை பட்டியல்களிலும் அது போய்ச் சேர வேண்டும். சேரும்வரை, டிரைவர் வட்டில் இருந்தும் சாதனம் இயங்காது. எந்தச் சிப்பை இந்த டிரைவர் இயக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் டிரைவரை எழுதியவர் ஒருவரே. அந்த அறிவு அவரிடமிருந்து வெகுதூரத்தில், அவரைக் கேட்காமல், பல கைகளில் நகலெடுக்கப்பட்டுக் கிடந்தது.

அறிவு டிரைவருக்குள் வந்தது

2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 இந்தக் கதையின் திருப்பம். யுஎஸ்பி பரவத் தொடங்கிய காலம் அது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகவும் பிடுங்கவும் கூடிய சாதனங்களுக்கு, தொடங்கும்போது ஒருமுறை தேடும் குட்ஸு வழி போதாது. சாதனம் வந்த கணத்திலேயே கெர்னல் வெளியே சொல்ல வேண்டும். டேவிட் பிரவுனல், கிரெக் குரோவா-ஹார்ட்மன் முதலியோர் உருவாக்கிய ஹாட்பிளக் ஏற்பாடு அதைச் செய்தது. சாதனம் ஒன்று வந்ததும் கெர்னல் ஹாட்பிளக் என்ற சிறு நிரலை அழைத்து, வந்தவரின் எண்களைக் கையில் கொடுக்கும்.

எண்ணைக் கொண்டு மாட்யூலைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கேதான் அந்த அறிவு இடம் மாறியது. இனி ஒவ்வொரு டிரைவரும் தான் இயக்கக்கூடிய சாதனங்களின் எண்களை ஒரு முறையான அட்டவணையாக எழுதி, அதை வெளியே தெரியும்படி அறிவிக்க வேண்டும். முன்பும் டிரைவர்களுக்குள் எண்கள் இருந்தன. ஆனால் டிரைவரை ஏற்றி ஓடவிட்டால்தான் அவை வேலை செய்யும், வெளியிலிருந்து படிக்க முடியாது. புதிய முறையில் மாட்யூலை ஏற்றாமலேயே அதன் அட்டவணையைப் படிக்கலாம். டெப்மாட் வட்டில் உள்ள மாட்யூல்கள் அனைத்தையும் திறந்து, அட்டவணைகளைத் திரட்டி, பிசிஐக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று எனப் பொதுப்பட்டியல்களைத் தயாரித்தது. பட்டியலை இனி மனிதர் எவரும் எழுதவில்லை. டிரைவர்களே எழுதின.

அடுத்த படியை ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் எடுத்தார். 2002 நவம்பரில் அவர் மாட்யூல் ஏற்றும் முறையையே திருத்தி எழுதினார். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6-இல் அது எல்லாருக்கும் கிடைத்தது. அதில் ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் தனித்தனிப் பட்டியல் வேண்டியதில்லை. கெர்னலைக் கட்டும்போதே டிரைவரின் அட்டவணை ஒரே வடிவுள்ள பெயர்ச்சரங்களாக மாற்றப்பட்டு மாட்யூலுக்குள் பதிக்கப்படும். இணைப்பு பிசிஐ, உற்பத்தியாளர் 8086, சாதனம் 1229, உட்தயாரிப்பாளர் எவராயினும் சரி, வகை 02, உட்பிரிவு 00 என்ற விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஒரு சரம். ‘எவராயினும் சரி’ என்ற இடத்தில் நட்சத்திரக்குறி நிற்கும். இதற்கு மோட்அலியாஸ் என்று பெயர்.

2005-ஐ ஒட்டி மறுபக்கமும் நிறைவேறியது. சாதனங்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அமைப்பில், ஒவ்வொரு சாதனத்துக்கும் கெர்னல் அதே வடிவில் ஒரு சரத்தை எழுதி வைத்தது. இப்போது சாதனத்திடம் ஒரு சரம், மாட்யூலிடம் ஒரு சரம். சாதனத்தின் சரத்தை அப்படியே மோட்புரோப்பிடம் கொடுத்தால், அது பொருந்தும் மாட்யூலைக் கண்டுபிடித்து ஏற்றிவிடும். நடுவில் நிற்பவருக்குப் பிசிஐ என்றால் என்ன, யுஎஸ்பி என்றால் என்ன என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முன்பு நீளமான ஸ்கிரிப்டுகள் செய்த வேலை யூடெவ் விதிகளில் ஒரே வரியாகச் சுருங்கியது: சாதனத்துக்கு மோட்அலியாஸ் இருந்தால் அதை மோட்புரோப்பிடம் கொடு.

யூடெவ் என்பது 2003-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கி, பிறகு கே சீவர்ஸ் வளர்த்தெடுத்த நிரல். சாதனம் வருவதையும் போவதையும் கெர்னலிடமிருந்து கேட்டு, பெயர் வைப்பது, உரிமை கொடுப்பது, மாட்யூல் ஏற்றச் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. மாட்யூலை ஏற்றும் பழைய கருவிகளுக்குப் பதிலாக, 2011 டிசம்பரில் பிரேசிலின் லூகாஸ் டி மார்க்கி கேமாட் என்ற பழைய பெயரிலேயே ஒரு நூலகத்தை வெளியிட்டார். யூடெவ் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு மோட்புரோப்பைத் தனியாக ஓடவிடாமல், அந்த நூலகத்தின் வழியே தானே ஏற்றக் கற்றுக்கொண்டது. 2012-இல் யூடெவ், கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்தோடு இணைந்தது. அதை ஏற்காதவர்கள் ஜென்டூவில் ஈயூடெவ் என்று கிளை பிரித்துக் காத்தார்கள். ஆல்பைன் போன்ற சிறிய டிஸ்ட்ரோக்கள் பிஸிபாக்ஸின் எம்டெவ் என்ற சிறு கருவியைப் பயன்படுத்தின. கருவி எதுவானாலும் அது கேட்பது ஒரே சரம், திறப்பது ஒரே பட்டியல். டிஸ்ட்ரோக்களின் தனிப் பட்டியல்கள் ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. சென்னையில் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே தனியாக ஒரு பட்டியலையும் பராமரிக்காமல் இந்த ஏற்பாடு முழுவதும் அதற்கும் வந்து சேர்ந்தது.

முன்பே வந்தவர்களும் பூட்டிய பெட்டியும்

இரண்டு சிக்கல்கள் மீதமிருந்தன. இரண்டும் நேரத்தைப் பற்றியவை.

கணினியில் முன்பே பொருத்தப்பட்டிருக்கும் சாதனங்களைக் கெர்னல் தொடங்கிய சில கணங்களிலேயே கண்டுவிடும். அப்போது யூடெவ் பிறந்தே இருக்காது. பரிமாறுபவர் வருமுன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்கள் போல, நம் ஈதர்எக்ஸ்பிரஸ் கார்டு தன்னை அறிவித்துவிட்டுக் கவனிப்பாரின்றிக் காத்திருக்கும். தொடக்கத்தில் இதற்கென்று கோல்ட்பிளக் என்ற தனி ஸ்கிரிப்டுகள் இருந்தன. லினக்ஸ் 2.6.15-இலிருந்து நேர்த்தியான வழி கிடைத்தது. சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள ஒரு கோப்பில் ‘சேர்’ என்ற கட்டளையை எழுதினால், அந்தச் சாதனம் இப்போதுதான் வந்தது போலக் கெர்னல் மறுபடி அறிவிக்கும். யூடெவ் எழுந்ததும் எல்லாச் சாதனங்களுக்கும் அப்படி எழுதிவிடுகிறது. முன்பே இருந்தவை, பிறகு வருபவை என்ற வேறுபாடு அதோடு மறைந்தது. ஒரே வழியில் இரண்டும் கையாளப்படுகின்றன.

இரண்டாவது சிக்கல் கடினமானது. ஹார்டு டிஸ்கை இயக்கும் மாட்யூல் அந்த ஹார்டு டிஸ்கிலேயே இருந்தால் அதை எப்படிப் படிப்பது? சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது. இதற்காக 1996-லேயே வெர்னர் அல்மெஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும் இனிட்ஆர்டி என்ற வழியைக் கொண்டுவந்தார்கள். தேவையான மாட்யூல்களைக் கொண்ட ஒரு சிறு கோப்பு அமைப்பைப் பூட்லோடர் கெர்னலோடு சேர்த்தே நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும். 2.6-இல் அது இனிட்ராம்எஃப்எஸ் என்று மேம்பட்டது.

டிஸ்ட்ரோக்கள் இன்றும் ஒன்றோடொன்று மாறுபடும் இடம் இதுதான். அந்தச் சிறு கோப்புக்குள் எத்தனை மாட்யூல்களை அடைப்பது? டெபியனின் இயல்பு நிலை, வட்டுகளுக்குத் தேவைப்படக்கூடிய பெரும்பாலானவற்றையும் சேர்த்துவிடுவது. கோப்பு பெரிதாகும். ஆனால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அநேகமாக எழுந்துவிடும். ஃபெடோராவின் டிராகட் இந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவசரத்துக்கு எல்லாம் அடங்கிய மீட்புக் கோப்பு ஒன்றைத் தனியே வைக்கிறது. ஆர்ச்சின் கருவியும் கணினியை ஆராய்ந்து தேவையானதைப் பொறுக்கிக்கொள்ளும். மதர்போர்டை மாற்றியபின் லினக்ஸ் எழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

ஒரு சாதனம், இரண்டு உரிமையாளர்கள்

8086, 1229 கார்டின் வாழ்வில் ஒரு குடும்பச் சிக்கலும் வந்தது. டொனால்ட் பெக்கரின் ஈஈப்ரோ100 இருக்க, இன்டெல் நிறுவனமே இ100 என்ற டிரைவரை எழுதிக் கெர்னலுக்கு அளித்தது. இரண்டு மாட்யூல்களின் அட்டவணைகளிலும் அதே எண்கள். சரம் இரண்டுக்கும் பொருந்தும். மோட்புரோப் இரண்டையும் ஏற்றும். முந்தி வந்தது கார்டைப் பிடித்துக்கொள்ளும். சில டிஸ்ட்ரோக்கள் பழையதைத் தடுப்புப்பட்டியலில் போட்டுச் சமாளித்தன. பிறகு கெர்னலிலிருந்தே ஈஈப்ரோ100 நீக்கப்பட்டது. இ100 இன்றும் கெர்னலில் இருக்கிறது.

தடுப்புப்பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மாட்யூலை அதில் சேர்த்தால், மோட்அலியாஸ் வழியே அது தேர்வு பெறாது. அவ்வளவுதான். பெயரைச் சொல்லி நேராகக் கேட்டாலோ, இன்னொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ அது ஏறத்தான் செய்யும். என்விடியாவின் சொந்த டிரைவரை நிறுவுபவர்கள் நோவோ என்ற கட்டற்ற டிரைவரை அதில் சேர்ப்பதும், உபுண்டு கணினியின் ‘பீப்’ ஒலிக்கான மாட்யூலை அதில் வைத்திருப்பதும் அடிக்கடி காணும் காட்சிகள்.

மாட்யூல் ஏறியும் சாதனம் இயங்காமல் போவதுண்டு. பல சாதனங்களுக்கு, குறிப்பாக வைஃபை சிப்புகளுக்கு, உள்ளே ஓட ஃபர்ம்வேர் என்ற தனி மென்பொருள் தேவை. டிரைவர் அதைக் கேட்கும். முன்பு யூடெவ் எடுத்துக்கொடுத்த அதை, 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-இலிருந்து கெர்னலே வட்டிலிருந்து நேராகப் படிக்கிறது. ஆனால் பல ஃபர்ம்வேர்களின் மூலநிரல் கிடைக்காது. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் உறுதியாக நின்ற டெபியன் அவற்றை நெடுங்காலம் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டுக்கு வெளியே வைத்திருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அவை சேர்ந்தே வந்தன. கொள்கைக்கும், வைஃபை இல்லாமல் தவிக்கும் பயனருக்கும் இடையே அவர்கள் வெளிப்படையாக விவாதித்து எடுத்த முடிவு அது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

திறந்த கதவின் விலை

கேட்டவுடன் மாட்யூல் ஏறும் என்றால், கேட்பவர் யார் என்பது முக்கியமாகிறது. கணினியில் எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத ஒரு பயனர், யாரும் பயன்படுத்தாத ஒரு நெட்வொர்க் நெறிமுறையைக் கேட்டாலே அதற்குரிய மாட்யூலைக் கெர்னல் ஏற்றிவிடும். அந்த மாட்யூலில் ஓட்டை இருந்தால் அந்தக் கணினியே ஆபத்தில் இருக்கும். 2010-இல் ஆர்டிஎஸ் நெறிமுறையிலும், 2017-இல் டிசிசிபி நெறிமுறையிலும் வெளிப்பட்ட ஓட்டைகள் இப்படிப்பட்டவை. டிசிசிபி ஓட்டை 2005-இலிருந்தே கெர்னலில் இருந்தது. உலகில் மிகச் சிலரே பயன்படுத்தும் நெறிமுறைக்காக எல்லாருடைய கணினியும் திறந்து கிடந்தது.

இதிலிருந்து கற்ற பாடங்கள் கெர்னலிலும் டிஸ்ட்ரோக்களிலும் பதிந்திருக்கின்றன. கெர்னல் தானாகக் கேட்கும் பெயர்களுக்கு முன்னால், இது நெட்வொர்க்குக்கு, இது கோப்பு அமைப்புக்கு என்று முன்னொட்டு கட்டாயமானது. இதனால் ஒன்றைக் கேட்பது போல நடித்து வேறொரு மாட்யூலை ஏற்ற முடியாது. உபுண்டு அரிய நெறிமுறைகளுக்கென்றே ஒரு தடுப்புக் கோப்பை வைத்தது. ரெட் ஹேட் அவற்றைத் தனிப் பொதியாகப் பிரித்தது. கணினி எழுந்து நின்றபின் இனி எந்த மாட்யூலும் ஏறக்கூடாது என்று பூட்டிவிடவும் கெர்னலில் ஓர் அமைப்பு உண்டு. ஒருமுறை பூட்டினால் மறுபடி இயக்கும்வரை திறக்காது. சர்வர் நடத்துபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எண் சொல்லத் தெரியாத சாதனங்கள் இன்றும் இருக்கின்றன. கைப்பேசிகளிலும் ராஸ்ப்பெர்ரி பை போன்ற சிறு பலகைகளிலும் இரண்டு மெல்லிய கம்பிகளில் தொங்கும் வெப்ப உணரி, பழைய ஐஎஸ்ஏ கார்டைப் போலவே ஊமை. அவற்றுக்காகப் பலகையைத் தயாரிப்பவரே ‘டிவைஸ் ட்ரீ’ என்ற விவரணையை எழுதித் தருகிறார். இன்ன இடத்தில் இன்ன சிப் என்று அதில் குறிப்பிட்டால், கெர்னல் அதிலிருந்து மோட்அலியாஸைச் செய்துகொள்கிறது. அதன்பின் எல்லாம் அதே பாதைதான். பேச முடியாத சாதனத்துக்காக, அதை நன்கு அறிந்தவர் பேசுகிறார்.

வேலை செய்யாதபோது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்தப் பயணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு நடைமுறைப் பலன் ஒன்று உண்டு. ஒரு சாதனம் லினக்ஸில் இயங்கவில்லை என்றால், கண்ட கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்க்க வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். முதலாவது, சாதனம் தன் எண்ணைச் சொல்கிறதா? பிசிஐ, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளைகளில் அது தெரியவில்லை என்றால் கோளாறு கம்பியிலோ பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது, டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, அந்த எண்ணை எந்த மாட்யூலாவது தன் அட்டவணையில் உரிமை கொண்டாடுகிறதா? இல்லையென்றால் புதிய கெர்னல் தேவை, அல்லது டிரைவரே இன்னும் எழுதப்படவில்லை. மூன்றாவது, மாட்யூல் இருந்தும் எது தடுக்கிறது? தடுப்புப்பட்டியலா, போட்டி டிரைவரா, ஃபர்ம்வேர் இல்லாமையா, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் விடுபட்டதா? எந்த டிஸ்ட்ரோவானாலும் கேள்விகள் இவையே.

இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும் அது முடிவல்ல. சந்தைக்கு வரும் புதிய சாதனங்கள் பலவற்றின் உள்ளே ஏற்கெனவே டிரைவர் உள்ள சிப்தான் இருக்கும், எண் மட்டும் புதிதாக இருக்கும். கெர்னலுக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் திருத்தங்களில் அட்டவணையில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்பவை ஏராளம். அவற்றில் பலவற்றை அனுப்புபவர்கள், கடையில் வாங்கிய சாதனம் இயங்காததைக் கண்டு, எண்ணைப் பார்த்து, சோதித்து, உறுதி செய்துகொண்ட சாதாரணப் பயனர்கள். குட்ஸு காலத்தில் அந்த வரி ஒரு டிஸ்ட்ரோவுக்கு மட்டும் உதவியிருக்கும். இன்று அது டிரைவரின் அட்டவணைக்குள் சேர்ந்துவிட்டால், அந்தக் கெர்னலைப் பயன்படுத்தும் எல்லா டிஸ்ட்ரோக்களிலும், அனுப்பியவரை ஒருபோதும் அறியாத எல்லாருடைய கணினிகளிலும் அந்தச் சாதனம் செருகியவுடன் இயங்கும். ஒருவர் கண்டறிந்ததை அனைவரும் பெறுவதற்கு, அது சரியான இடத்தில் எழுதப்பட வேண்டும். லினக்ஸ் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த உழைப்பின் பலனை இன்று டிரைவர் என்ற சொல்லையே கேட்டிராதவரும் அனுபவிக்கிறார்.